எம்.டி.யின் கையும் பி.ஏ.வின் கையும்

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. கல்யாண மண்டபங்கள் ஈ ஓட்டும் மாதம். ஆகவே எங்கள் சீரியலுக்கு ஒரு மண்டபம் கிடைத்துவிட்டது. பூந்தமல்லி சாரதாம்பாள் திருமண மகால், இன்றிலிருந்து ஆவணி பிறக்கும்வரை, 'வேதாந்த் குளோபல்' என்கிற பன்னாட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம். மணமேடைதான் ரிசப்ஷன். மணமகள் அறையில் போர்டு மீட்டிங். சாப்பாட்டுக் கூடத்தின் கோடியில் எம்.டி.யின் அறை. அங்கே சுவரோடு சேர்த்துப் பதித்த 'கை கழுவும் இடம்' பலகையைக் கழற்ற முடியவில்லை. ஆர்ட் அசிஸ்டன்ட் சற்குணம் அதன்மேல் உலக வரைபடம் ஒன்றை மாட்டினார். வரைபடம் போதவில்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கீழே 'இடம்' மட்டும் எட்டிப் பார்க்கிறது.

சீரியலின் பெயர் 'மேனேஜிங் டைரக்டர் மனசு'. எம்.டி. ருத்ரேஷுக்கும் அவருடைய பி.ஏ. மிருதுளாவுக்கும் காதல். இருவரும் நூற்றுப்பத்து எபிசோடாக அதைச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

நான் இதில் கன்டினியூட்டி அசிஸ்டன்ட். மிருதுளாவுக்குக் கைப்பை இடது தோளில் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் இடது தோளில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு தவறு விட்டதில்லை. அலுவலக நோட்டில் இடம் போதாமல் இந்தச் சொந்த நோட்டை இன்று வாங்கினேன்.

சற்குணத்தோடு இன்று சண்டை. எம்.டி. குடிக்கும் கோப்பை காலியாக இருந்தது. காலிக் கோப்பையைக் கையில் எடுத்தால் அதற்குக் கனம் இருக்காது; மணிக்கட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

"மேடம், தமிழ்நாட்டுல எந்த சீரியல்லயும் கப்புல காபி கெடையாது" என்றார்.

"அப்போ தமிழ்நாடே தப்பு பண்ணுது" என்றேன்.

அவர் சட்டை: நீலம், கட்டம் போட்டது. (இதை எழுத வேண்டிய அவசியமில்லை. பழக்க தோஷம்.)

ஜூலை 18, வெள்ளி

கதாநாயகன் விஷ்வக்கும் கதாநாயகி தாரிணிகாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பேட்டி ஒன்றில் "தாரிணிகா நடிப்பு எப்படி?" என்று கேட்டதற்கு விஷ்வக், "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டாராம். இனி ஒரே ஃப்ரேமில் நிற்க மாட்டேன் என்று அந்த அம்மாள் எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் அவர் வருவார், மதியம் இவர் வருவார். வாசலில் எதிர்ப்பட்டால்கூட வாட்ச்மேன் இருவருக்கும் நடுவே வந்து நிற்க வேண்டும்.

காதல் கதை. காதலர்கள் ஒரே ஃப்ரேமில் கிடையாது.

டைரக்டர் கோதண்டபாணி சார் பந்தி பெஞ்சில் கன்னத்தில் கை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"வசனம் வேணாம்யா. இனிமே விஷுவல்தான். அவன் மூஞ்சி தனி, அவ மூஞ்சி தனி. நடுவுல ரெண்டு கை. ஃபைல் அவ கையிலருந்து அவன் கைக்குப் போவுது. அந்த ரெண்டு கைக்கு நடுவுல ஒரு தவிப்பு இருக்கணும். ஜனங்க அழுவணும்!"

"யார் கை சார்?" என்று கேமராமேன் கேட்டார்.

டைரக்டர் எங்கள் எல்லோருடைய கைகளையும் வரிசையாகப் பார்த்தார். ஊசி போட வந்த டாக்டர்கூட அப்படிப் பார்த்ததில்லை. கடைசியில் என் வலது கையையும் சற்குணத்தின் வலது கையையும் தேர்ந்தெடுத்தார். நிறம் பொருந்துகிறதாம்.

இது வெளியே தெரிந்தால் தாரிணிகா சீரியலை விட்டே போய்விடுவார். அதனால் டைரக்டர் கற்பூரம் ஏற்றி எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது.

ஜூலை 19, சனி

முதல் கை ஷாட். என் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருக்கிறது, பிறை போல. தாரிணிகாவுக்கு அது இல்லை. மேக்கப் போட்டு மறைக்க வேண்டும் என்று நானே நோட்டில் எழுதி, நானே மறைத்துக்கொண்டேன்.

சற்குணம் எம்.டி.யின் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மேலே நேவி புளூ கோட்டு, கீழே பச்சை லுங்கி. "கைதானே மேடம் தெரியும்" என்றார். நான் சிரிக்கவில்லை. வேலை நேரம்.

பதினொரு டேக் ஆனது. நான்கு டேக்கில் ஃபைல் கீழே விழுந்தது. இரண்டில் அவர் விரலில் பெயின்ட் இருந்தது, துடைத்துவிட்டேன். மூன்றில் டைரக்டருக்குத் 'தவிப்பு' போதவில்லை. பத்தாவது டேக் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஃபைலின் கிளிப் முந்தைய ஷாட்டைவிடச் சற்றே சாய்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியதால் இன்னொன்று எடுக்கச் சொன்னேன்.

பிறகு போட்டுப் பார்த்தேன். சாயவில்லை. பரவாயில்லை, ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

சட்டை: கோட்டுக்குள் பழுப்பு, கட்டம் போட்டது.

ஜூலை 20, ஞாயிறு

விடுமுறை. காட்டுப்பாக்கத்தில் வீடு. வீட்டில் நானும் அம்மாவும்தான். துணி துவைத்தேன். அம்மா திருப்பூர் வரன் ஒன்றின் புகைப்படத்தை சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வைக்காதது போல நின்றாள்.

எனக்கு முப்பத்துநான்கு. இதுவரை ஏழு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றிருக்கிறேன், எல்லாம் நியாயமான காரணங்கள். ஒருவர் "நான் காபியே தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடத்தில் காபி குடித்தார். இன்னொருவர் வரும்போது கைக்கடிகாரத்தை இடது கையில் கட்டியிருந்தார், போகும்போது வலது கையில். நடுவில் என்ன நடந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

"இந்தப் பையன் ரொம்ப ஒழுங்குடி" என்றாள் அம்மா.

"பார்க்கலாம்மா" என்றேன்.

ஜூலை 24, வியாழன்

சனிக்கிழமை எடுத்த காட்சி இன்று மாலை ஏழு மணிக்கு வந்தது. சீக்கிரம் பேக்கப் ஆனதால் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். ருத்ரேஷின் முகம் மூன்று முறை, மிருதுளாவின் முகம் மூன்று முறை. வானமே இல்லாத அலுவலகத்தில் இடி இடித்தது. மேஜை விசிறிக் காற்றில் மிருதுளாவின் முடி பறந்தது; அவள் மேஜையில் இருந்த ஒரு காகிதமும் அசையவில்லை. (சொன்னேன். யாரும் கேட்கவில்லை.)

அப்புறம் கைகள் வந்தன.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணு மூஞ்சியில ஒண்ணுமே இல்லடி. ஆனா கையப் பாரு. அவன் கை படப்போவுதுன்னு தெரிஞ்சு எப்படிக் கூச்சப்படுது! நடிச்சா இப்படி நடிக்கணும்."

எனக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் எடுத்தது. சமையலறைக்குப் போனேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று கோப்பையில் காபி இருந்தது. நிஜக் காபி, ஆவி பறக்க.

சற்குணம் குமணன்சாவடி டீக்கடையிலிருந்து வாங்கி வந்து, ஷாட்டுக்கு முன் அவரே ஊற்றினார். "கப்பு கனமா இருக்கா மேடம்? பாத்துச் சொல்லுங்க" என்றார். ஊற்றும்போது என்னைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் ஆள்காட்டி விரலில் கொட்டிக்கொண்டார். நான் பர்னால் தடவி பிளாஸ்திரி ஒட்டினேன். முதலுதவி யாருக்கும் செய்வேன்.

அதற்குள் இன்றைய கை ஷாட்டுகளுக்கு நேரமாகிவிட்டது. எம்.டி.யின் கையில் பிளாஸ்திரி. நாளை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த மனிதரும் சொல்வார். கோதண்டபாணி சார் சொல்லவில்லை. வசன எழுத்தாளரைக் கூப்பிட்டு, எம்.டி. ஏன் விரலைச் சுட்டுக்கொண்டார் என்று எழுதச் சொன்னார். மிருதுளாவுக்காகத் தன் கையாலேயே காபி போட்டபோது சுட்டுக்கொண்டார் என்று அவர் எழுதினார். இனி பத்து நாளைக்கு விஷ்வக் தன் நல்ல விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

எனக்கு இந்தக் கதை கொஞ்சம் அளவுக்கு மீறியதாகப் பட்டது. அப்படியெல்லாம் ஒரு பெண்ணுக்காக யாரும் காபி கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொள்வார்களா?

சட்டை: சிவப்பு, கட்டம் போட்டது. புதிது என்று நினைக்கிறேன்.

ஜூலை 31, வியாழன்

டி.ஆர்.பி. வந்தது. பதினான்காம் இடத்திலிருந்து நான்காம் இடம். கோதண்டபாணி சார் என் கையையும் சற்குணத்தின் கையையும் ஒன்றாகப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்களுக்கு 'ஹேண்ட் யூனிட்' என்று பெயர் வைத்துவிட்டார். நான் பாத்திரம் தேய்க்கக் கூடாதாம். சற்குணம் ஆணி அடிக்கக் கூடாதாம். ஆர்ட் அசிஸ்டன்ட் ஆணி அடிக்காமல் என்ன செய்வார்? நாள் முழுக்க என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

யூனிட்டில் எல்லோரும் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் 'சார்'. ஏன் என்று இன்று கேட்டார். சார் என்பது ஒரு எழுத்து குறைவு, நேரம் மிச்சம் என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமா மேடம்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பதினெட்டுக்குத் தோஷம் கிடையாது" என்று அம்மா என் வாயை அடைத்துவிட்டாள். திருப்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் கிருபாகரன், பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மேனேஜர்.

ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். வந்ததிலிருந்து போகும்வரை ஒரு பிசகு இல்லை. கடிகாரம் இடது கையிலேயே இருந்தது. சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. மறுக்க ஒரு காரணமும் கிடைக்காத முதல் மாப்பிள்ளை. அதனால் மறுக்க முடியவில்லை.

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏனுங்க, சீரியல்ல அந்தக் கப்புல நெஜமாவே காபி இருக்குமுங்களா?"

"முன்னாடி இருக்காது. இப்போ இருக்கு" என்றேன்.

அவருடைய அம்மா எனக்குப் பூ வைத்துவிட்டு, வலது கை மோதிர விரலில் ஒரு மோதிரத்தைப் போட்டார். சிவப்புக் கல். அளவு சிறியது, சோப்புத் தண்ணீர் தடவித்தான் ஏற்றினார்கள். ஆகஸ்ட் 24 நிச்சயதார்த்தம். அந்த அம்மாளும் எங்கள் சீரியல் பார்க்கிறவர். அவரும் என் அம்மாவும் நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பத்து நிமிடமும் ருத்ரேஷ், மிருதுளாவைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசினார்கள்.

எனக்கு சந்தோஷம்தான். இன்று எனக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மோதிரம் கழலவில்லை. சோப்பு, தேங்காய் எண்ணெய், நூல் சுற்றுவது எல்லாம் செய்தாயிற்று. விரல் வீங்கியதுதான் மிச்சம்.

சற்குணம் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூ வச்சுட்டுப் போயிருக்காங்க. திருப்பூர்" என்றேன்.

"நல்லதுங்க மேடம்" என்றார். பிறகு, "ஷாட்டுக்கு இடைஞ்சல்னா என்கிட்ட கட்டிங் பிளேயர் இருக்கு. கை படாம வெட்டிடுவேன். ஒரு நிமிஷ வேலை."

வேண்டாம் என்றேன். நகையை வெட்டக் கூடாது. அவரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

கோதண்டபாணி சார் மோதிரத்தைப் பார்த்ததும் துள்ளினார். "மிருதுளாவுக்கு வேற எடத்துல நிச்சயம்! வீட்டுல கட்டாயப்படுத்துறாங்க! யோவ், எழுதுய்யா!" தாரிணிகா போட்டுக்கொள்ள இதே போல ஒரு மோதிரம் பித்தளையில் செய்ய வேண்டும். யார் செய்வது? ஆர்ட் டிபார்ட்மென்ட்தான். சற்குணம் என் விரலைத் தொடாமல், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, அந்த மோதிரத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டார். மதியத்துக்குள் அச்சு அசலாகச் செய்துவிட்டார். கல் மட்டும் கொஞ்சம் மங்கல்.

சட்டை: வெள்ளை. கட்டம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று கோப்பையில் காபி இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ராஜினாமா காட்சி. மிருதுளா வேலையை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகிறாள். கடிதத்தை நீட்டுகிறாள், எம்.டி. வாங்க வேண்டும். காலையில் விஷ்வக்கின் முகம் எடுத்தாயிற்று. தலைவலிக்காரர் போல நெற்றியைச் சுருக்கினார். மதியம் தாரிணிகாவின் முகம். கிளிசரின் அதிகமாகி ஒரு கண் மட்டும் அழுதது. கடைசியில் கைகள்.

"ஒரே டேக்தான்" என்றார் கோதண்டபாணி சார். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். ரெண்டு கையும் பாத்துக்குங்க."

கடிதத்தை நீட்டினேன். கோட்டுக் கை வந்தது. வாங்கவில்லை. கடிதத்துக்கு ஓரங்குலம் முன்னால் நின்றது. பிளாஸ்திரி எடுத்த இடத்தில் தோல் இன்னும் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாகவே கொஞ்சம் பின்னால் வந்தது. உடனே அவர் விரல்கள் கடிதத்தை விட்டுவிட்டு என் விரல்களைப் பிடித்தன, மோதிரத்துக்கு மேலேயே. ஸ்கிரிப்டில் அது கிடையாது.

யாரும் கட் சொல்லவில்லை. கேமராமேன் மூக்கை உறிஞ்சினார்.

அப்புறம் கட் சொன்னார்கள். சற்குணம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் நோட்டை எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: தழும்புக்கு மேக்கப் போட மறந்திருக்கிறேன்.

பதினோரு வருடத்தில் முதல் தவறு. எழுந்துபோய்ச் சொல்லியிருந்தால் இன்னொரு டேக் எடுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அலுவலக நோட்டில் எழுத இடமில்லை. இந்த நோட்டில் இடம் நிறைய இருக்கிறது, இருந்தாலும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பத்திரிகை அச்சடிக்க அம்மா மாதிரிகள் கொண்டுவந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். எதைப் பார்த்தேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ராஜினாமா காட்சி ஒளிபரப்பானது.

அம்மா கையில் வெங்காயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்தது. என் கை, திரை முழுக்க. தழும்பு ஒரு தேங்காய்ப் பத்தை அளவுக்குத் தெரிந்தது. வழக்கப்படி மூன்று முறை காட்டினார்கள். அதில் ஒன்று ஸ்லோ மோஷன்.

அம்மா டி.வி.யை அணைத்தாள். விளம்பரத்தில்கூட அணைக்காதவள்.

"இங்க வா. கையக் காட்டு."

காட்டினேன். தழும்பை விரலால் தடவினாள். "ஒம்பது வயசுல உங்கிட்ட அருவாமணையக் குடுத்து தேங்கா துருவச் சொன்னவ நானு. இந்தத் தழும்ப எங்க பாத்தாலும் எனக்குத் தெரியாதா? அது யாரு கைடி?"

"என் கைதாம்மா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"உன் கைன்னு எனக்குத் தெரியும்டி. இன்னொண்ணு யாரு கை?"



"ஆர்ட் அசிஸ்டன்ட்மா. சற்குணம்னு பேரு. முப்பத்தெட்டு வயசு. செஞ்சிப் பக்கம். அஞ்சு கட்டம் போட்ட சட்ட வச்சிருக்காரு, செவப்பு புதுசு. அவருக்கு எடது காதுல ஒரு மச்சம் இருக்கு. தும்மினா மூணு தடவ தும்முவாரு. எனக்காகக் கப்புல நெஜக் காபி ஊத்தி வெரல சுட்டுக்கிட்டாரு. மோதிரத்தப் பாத்ததுலருந்து ஊத்தறதில்ல..."

அம்மா, "போதும்" என்றாள். எனக்குத்தான் நிற்கவில்லை. அழுதுகொண்டே பேசினேன். வெங்காயம் அம்மா கையில்தான் இருந்தது, என் கண்ணில் இல்லை.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே இப்பதாம்மா தெரியும்."

எனக்கு அவரைப் பிடிக்கும். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாம் இடம். தழும்பைச் சிவப்பு வட்டம் போட்டு இணையத்தில் சுற்றவிட்டிருக்கிறார்கள். தாரிணிகா காலையிலேயே பேட்டி கொடுத்துவிட்டார்: சிறுவயதில் குதிரையேற்றம் கற்றபோது ஏற்பட்ட காயமாம். செட்டுக்கு வரும்போது மேக்கப் பென்சிலால் கட்டைவிரலுக்குக் கீழே பிறை வரைந்துகொண்டு வந்தார், இடது கையில். தவறு என்று சொன்னேன். "பரவாயில்லை" என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

பதினொரு மணிக்கு மண்டப வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அம்மா. பட்டுப்புடவை, கையில் டிபன் கேரியர்.

"சற்குணம்ங்கறது யாருப்பா?"

சற்குணம் அப்போது கை ஷாட்டுக்காக கோட்டும் லுங்கியுமாக ஏணிமேல் நின்று உலக வரைபடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இறங்கி வந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "கையக் காட்டுங்க தம்பி" என்றாள். காட்டினார். புரட்டிப் பார்த்தாள், சுட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இந்தக் கைதான்."

"அம்மா, இந்தக் கோட்ட மட்டும் கழட்டிட்டு வந்துடறேன்" என்றார் சற்குணம் பரிதாபமாக.

"கோட்டு இருக்கட்டும். என் பொண்ண உங்களுக்குப் பிடிக்குமா?"

மொத்த யூனிட்டும் வேலையை நிறுத்திவிட்டது. கேமராமேன் விளக்கைக்கூட மெல்லத் திருப்பினார்.

சற்குணம் லுங்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேடம் ஒரு நாளைக்கு இருவது குத்தம் சொல்லுவாங்கம்மா. கெழம பூரா சொல்லுவாங்க. ஞாயித்துக்கெழம சொல்றதுக்கு ஆள் இல்ல. அன்னிக்கு எனக்குப் பொழுதே போவ மாட்டேங்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

அப்புறம்தான் பெரிய விஷயம். அம்மா ரிசப்ஷன் மேடையில் உட்கார்ந்து திருப்பூருக்குப் போன் போட்டாள். எதற்கும் சாட்சி இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பூ வைத்துவிட்டுப் போனவர்கள். என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கிருபாகரனின் அம்மா எங்களைப் பேசவே விடவில்லை. "நேத்து பாத்தீங்களா சம்பந்தி? ராத்திரி பூரா எனக்கு மனசே ஆறலீங்க. அந்தப் புள்ள கைய அவன் புடிச்சானே! பாதகத்தி, எவளோ வந்து அதுக்கு மோதரத்தப் போட்டு உட்டுட்டாளுங்க. போட்டவ நல்லாவே இருக்க மாட்டாளுங்க!"

"அப்படிச் சொல்லாதீங்க சம்பந்தி" என்றாள் அம்மா. "அந்த மோதிரம் நீங்க போட்டது."

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப... என்ற பையன்தான் வில்லனுங்களா?"

"ஐயோ, அவர் தங்கமான பிள்ளைங்க. தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்கணும்."

அந்த அம்மாளின் குரல் இறங்கி வந்தது. "அவன் அன்னைக்கே வண்டியில வாரப்ப சொன்னானுங்க. 'அம்மா, காபியப் பத்திக் கேட்டப்பதான் அந்தப் புள்ள மொகத்துல வெளிச்சம் வந்துச்சு, வேற எதுக்கும் வரல'ன்னு. நாந்தான் போடான்னுட்டேன். அவனுக்கு நான் வேற பாத்துக்கறனுங்க. நீங்க மொதல்ல அந்தக் கை ரெண்டையும் சேத்து வெய்யுங்க. ஆனா, மோதரத்தத் திருப்பி அனுப்பிடோணும்."

கிருபாகரனிடம் நான் ஒரு பிசகும் கண்டுபிடிக்கவில்லை. அவர் ஒரே பார்வையில் என்னிடம் கண்டுபிடித்துவிட்டார். அவர் எங்கள் தொழிலுக்கு வந்திருக்க வேண்டியவர். அவரிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்னங்க" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அதற்காக எனக்கு வருத்தம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி கடைசி நாள். நாளை காலை மண்டபத்தில் கல்யாணம், இன்று மாலைக்குள் வேதாந்த் குளோபலைக் காலி செய்ய வேண்டும். கணினிகளை லாரியில் ஏற்றினார்கள். உலக வரைபடத்தை இறக்கியதும் 'கை கழுவும் இடம்' முழுசாக வெளியே வந்தது.

மோதிரம் மட்டும் பாக்கி. வெட்டி எடுத்து, தட்டானிடம் ஒட்டிச் சரிசெய்து திருப்பூருக்கு அனுப்ப வேண்டும். அம்மா சம்மதித்துவிட்டாள். சற்குணம் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார். சட்டை: சிவப்பு, கட்டம் போட்டது.

"நில்லு! நில்லு!" என்று கோதண்டபாணி சார் ஓடி வந்தார். "மோதிரத்த வெட்டுறான்யா! இதவிட விஷுவல் எனக்கு எங்க கெடைக்கும்? எம்.டி. வெட்டுறாரு, மிருதுளாவுக்கு விடுதல! கேமராவ எறக்காத! கோட்டு எங்கடா?"

கோட்டு லாரியில் போய்விட்டது. கட்டம் போட்ட சிவப்புச் சட்டையிலேயே எடுத்தோம். எம்.டி. நூற்றுமுப்பது எபிசோடாகக் கட்டம் போட்ட சட்டை போட்டதே இல்லை. நான் ஆட்சேபிக்கவில்லை.

பந்தி பெஞ்சின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் ஒரு கோப்பை. அதில் காபி இருந்தது, ஆவியோடு. பிளேயரின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, தோலில் படாமல் இருக்கத் தன் விரலை நடுவில் கொடுத்தார். டக்கென்று ஒரு சத்தம். மோதிரம் கோப்பையின் தட்டில் விழுந்து ஒரு சுற்று சுற்றி நின்றது. விரலைச் சுற்றிச் சிவந்த தடம். அதை அவர் கட்டைவிரலால் நீவிவிட்டார்.

"கட்!" என்றார் கோதண்டபாணி சார். "பிரமாதம்!"

கேமராவை மூடினார்கள். விளக்கை அணைத்தார்கள். பெஞ்சைத் தூக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். மண்டப மேனேஜர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். கோதண்டபாணி சார் திரும்பிப் பார்த்தார்.

"யம்மா பொற்கொடி, நான் கட் சொல்லிட்டேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு சார்" என்றேன். நானும் கையை விடவில்லை, சற்குணமும் விடவில்லை.